வீட்டில் ஜாஸ் கச்சேரி: யாழ்ப்பாணத்தில் நடத்த விரும்பும் ஒருவருக்கு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவருக்குக் கொக்குவிலில் முற்றத்தோடு கூடிய பழைய நாற்சார் வீடு ஒன்று இருக்கிறது. கொழும்பில் வசிக்கும் சக்ஸபோன் கலைஞர் ஒருவரும், அவரோடு கிற்றாரும் ட்றம்ஸும் வாசிக்கும் இருவரும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வந்து அங்கே வாசிக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். எழுதி வைத்ததை வாசிக்காமல் அந்த இடத்திலேயே கற்பனையாக விரித்து வாசிக்கும் ஜாஸ் இசைக்கு யாழ்ப்பாணத்தில் ஆட்கள் வருவார்களா, வீட்டை எப்படி ஆயத்தப்படுத்துவது, பணத்தை எப்படிக் கையாள்வது, அயலவர்களோடு மனஸ்தாபம் வராமல் எப்படி நடத்துவது என்று அவர் கேட்கிறார். மேற்கத்திய இசை படித்தவர்கள், தேவாலயப் பாடகர் குழுக்களில் இருப்பவர்கள், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் ஆகியோரை அழைக்க நினைத்திருப்பதாகவும், பின்னர் ஒரு தவில் கலைஞரையும் சேர்த்துக்கொள்ள விருப்பம் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆட்கள் நிச்சயமாக வருவார்கள். ஆனால் உங்கள் அழைப்புப் பட்டியலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நீங்கள் குறிப்பிட்டவர்களும் வரட்டும். எனினும் அவர்களுள் பலர் ஜாஸ் என்ற பெயரில் எதிர்பார்ப்பது தெரிந்த பாட்டொன்றை மங்கிய வெளிச்சத்தில் கதைத்துக்கொண்டே கேட்பதைத்தான். தெரிந்த மெட்டு ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்து, அடுத்த பத்து நிமிடங்களுக்கு அதன் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறொன்று கட்டப்படும்போது அவர்களுடைய கை கைத்தொலைபேசியைத் தேடத் தொடங்கிவிடும். இந்த இசைக்கு வேண்டிய காது யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது கோயில் வீதியில் பழகிய காது. திருவிழா இரவுகளில் பல கூட்ட மேளங்கள் சேர்ந்து மேளச்சமா வைக்கும்போது, நடுச்சாமம் தாண்டியும் நித்திரை கொள்ளாமல் வீதி மணலில் இருந்து கையில் தாளம் போட்டபடி கேட்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அளவெட்டியிலும் இணுவிலிலும் அப்படிப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தாளக் கணக்குகளைப் பற்றியோ, நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனின் இராக ஆலாபனையைப் பற்றியோ அவர்கள் ஒரு மணிநேரம் கதைப்பார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று வாசிப்பவருக்கே முழுமையாகத் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு கேட்பதும், தாளக் கோர்வை ஒன்று சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்கத்தில், வந்து விழும்போது அதை உடனே உணர்வதும் அவர்களுக்குக் கைவந்த கலை. ஒரு ஜாஸ் கலைஞர் எந்த ஊரிலும் எதிர்பார்ப்பது அத்தகைய கேட்பவரைத்தான். அவர்களுள் ஐந்தாறு பேரைத் தேடிச் சென்று நேரில் அழையுங்கள். மருதனார்மடத்தில் உள்ள, முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று அழைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்தில் வயலினும் மிருதங்கமும் கற்கும் மாணவர்களுக்கும் சொல்லுங்கள்.

அழைக்கும்போது இந்த இசை எப்படி நடக்கும் என்பதை நாலு வரியில் விளக்க வேண்டியிருக்கும். கர்நாடக இசை தெரிந்தவருக்கு அது கடினமில்லை. வழக்கமான ஜாஸ் வாசிப்பில் முதலில் ஒரு மெட்டு முழுமையாக வாசிக்கப்படும். அது பெரும்பாலும் 12 அல்லது 32 தாள வட்டங்கள் கொண்ட ஒரு சுற்று. ஒவ்வொரு வட்டத்திலும் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை. மெட்டு முடிந்த பிறகு அந்தச் சுற்று நிற்பதில்லை. ஆவர்த்தனம் போலத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்க, ஒருவர் பின் ஒருவராக அதன் மேல் மனோதர்மத்தில் வாசிப்பார்கள். முடிவை நெருங்கும்போது நான்கு வட்டங்கள் ஒருவர், அடுத்த நான்கு ட்றம்ஸ் என்று மாறி மாறி வாசிப்பது, தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் முறைவைத்து வாசிப்பதற்கு மிக நெருங்கியது. வேறுபாடு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நமது இசையில் ஆதார சுருதியும் இராகமும் நிலைத்து நிற்க, கற்பனை அவற்றின் மேல் நகரும். ஜாஸில் அடியில் இருக்கும் சுரக்கூட்டே, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதியே, ஒவ்வொரு வட்டத்துக்கும் மாறிக்கொண்டிருக்க, வாசிப்பவர் அந்த மாற்றங்களுக்கு ஊடாகத் தன் வரியைக் கொண்டுபோக வேண்டும். முதன்முதலாகக் கேட்பவருக்கு இராகம் அடிக்கடி குழம்புவது போலத் தோன்றுவதன் காரணம் இதுதான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தத் தடங்கல் பாதியாகக் குறைந்துவிடும்.

சுற்றும் இல்லாமல், மெட்டும் இல்லாமல், ஒன்றுமே பேசி வைக்காமல் வாசிக்கும் வகையும் உண்டு. அமெரிக்க சக்ஸபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக நிறுத்தி ஏறத்தாழ 37 நிமிடங்கள் தொடர்ச்சியாகப் பதிவு செய்த வாசிப்பு அந்தப் பாதையில் ஒரு பெரிய அடையாளம். அதில்கூட முன்னரே எழுதிய சிறு பகுதிகள் இருந்தன. பிற்பாடு இலண்டனில் கிற்றார் கலைஞர் டெரெக் பெய்லி, ட்றம்ஸ் கலைஞர் ஜோன் ஸ்டீவன்ஸ் போன்றோர் அதையும் கைவிட்டார்கள். உங்கள் மூவரும் இதில் எந்த வகையை வாசிக்கப்போகிறார்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பின்னேரத்தில் வைப்பதாக இருந்தால், சுற்றுள்ளதை முதலிலும் சுற்றில்லாததை இடைவேளைக்குப் பின்னரும் வைப்பது நல்லது. காது பழகிய பிறகு சபை எதையும் பொறுத்துக்கொள்ளும்.

வீட்டில் இத்தகைய கச்சேரி வைப்பது விசித்திரமான யோசனை என்று உறவினர்கள் சொன்னால், ஜாஸின் வரலாற்றில் கணிசமான பகுதி வீடுகளில்தான் நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லலாம். 1920களில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் வீட்டு வாடகை தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்தபோது, குடியிருந்தவர்கள் தங்கள் அறைகளிலேயே சிறு கட்டணத்துக்கு விருந்து வைத்து, பியானோ வாசிப்பவர்களை அழைத்து வாடகையைச் சேர்த்தார்கள். ஜேம்ஸ் பி. ஜோன்சன், வில்லி ஸ்மித், ஃபற்ஸ் வோலர் போன்ற பெரிய பியானோக் கலைஞர்கள் அங்கே ஒருவரையொருவர் வெல்ல முயன்று விடியும் வரை வாசித்தார்கள். நம்முடைய மேளச்சமாவைத் தெரிந்தவருக்கு அந்தப் போட்டியை விளக்க வேண்டியதில்லை. 1970களில் இரவு விடுதிகள் புதிய இசைக்கு இடம் கொடுக்க மறுத்தபோது, சாம் றிவர்ஸ் என்ற சக்ஸபோன் கலைஞரும் அவருடைய மனைவி பீட்ரிஸும் நியூயோர்க்கின் பொண்ட் வீதியில் தாங்கள் குடியிருந்த கட்டடத்திலேயே இடம் ஒதுக்கிக் கச்சேரிகளை நடத்தினார்கள். பழைய தொழிற்சாலை மாடிகளில் அவ்வாறு நடந்த கச்சேரிகள் அந்தப் பத்தாண்டின் ஜாஸுக்கே ஒரு தனிப் பெயரை வாங்கிக் கொடுத்தன. மார்ஜரி எலியட் என்ற பியானோக் கலைஞர் மறைந்த தன் மகனின் நினைவாக 1990களில் தொடங்கி, ஹார்லெமில் உள்ள தன் வீட்டு வரவேற்பறையில் ஞாயிறுதோறும் கட்டணமின்றிக் கச்சேரி வைத்து வந்தார். இவற்றுள் எதுவும் அலங்காரமான மண்டபத்தில் நடக்கவில்லை. குறித்த நாளில் தவறாமல் கதவு திறந்ததால்தான் அவை நிலைத்தன. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என்றால், மாதத்தின் எந்தச் சனிக்கிழமை என்பதையும் நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்த இசைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவர்களுக்கு இன்னொரு தகவலும் உண்டு. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா இங்கே இசை கற்பித்த காலத்தில் அவருடைய மகன்மார் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் யாழ்ப்பாணத்திலேயே வளர்ந்தார்கள். அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு இலங்கைக்கு வந்து வாசித்த அதே 1958ஆம் ஆண்டில், இனக்கலவரத்தின் காரணமாக அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. சங்கர் 1970களில் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோலின், தபேலாக் கலைஞர் சாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து சக்தி என்ற குழுவில் வாசித்தார். சுப்பிரமணியம் பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிரப்பெலியுடன் இசைத்தட்டு வெளியிட்டார். அந்தக் கலவரம் நடந்திராவிட்டால் என்ற யோசனை எனக்கு அடிக்கடி வருவதுண்டு. இப்போது வீட்டுக்கு வருவோம்.

நீங்கள் ஹோலைத் தெரிவுசெய்வதா, முற்றத்தைத் தெரிவுசெய்வதா என்பதே மிக முக்கியமான முடிவு. சீமெந்துத் தரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட வெறும் ஹோலில் கை தட்டிப் பாருங்கள்; ஒலி நின்ற பிறகும் அதன் முழக்கம் தொங்கிக்கொண்டே நிற்கும். அந்த முழக்கம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வொலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வகுத்த சூத்திரத்தால் மதிப்பிடலாம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் 3.5 மீற்றர் உயரமும் கொண்ட ஹோலின் கன அளவு 105 கன மீற்றர். அதன் சுவர், தரை, முகடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 137 சதுர மீற்றர் வரும். அவை எல்லாமே கடினமான பரப்பானால் தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். கணக்குப் பார்த்தால் வெறும் ஹோலில் முழக்கம் ஆறு செக்கனுக்கு வருகிறது. கதிரைகளும் அலுமாரிகளும் இருப்பதால் நடைமுறையில் இது குறைவாகவே இருக்கும். என்றாலும் ட்றம்ஸ் வாசிப்பதற்கு அது கிணற்றுக்குள் வாசிப்பது போலத்தான். திறந்த யன்னலுக்குள் போன ஒலி திரும்பி வராது என்பதால் 6 சதுர மீற்றர் யன்னலைத் திறந்துவிட்டால் முழக்கம் இரண்டு செக்கனுக்கு இறங்கிவிடும். அதோடு, ஓர் ஆள் ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவார் என்று வைத்துக்கொண்டால், முப்பது பேர் வந்து இருந்ததும் அது ஒரு செக்கனுக்கும் கீழே, முக்கால் செக்கன் அளவுக்கு வந்துவிடும். ஜாஸுக்கு அது மிகப் பொருத்தமான அளவு. எனவே பின்னேரம் மூன்று மணிக்கு வெறும் ஹோலில் ஒத்திகை பார்த்துவிட்டு ஒலி மோசம் என்று கலைஞர்கள் முறையிட்டால், ஆட்கள் வந்ததும் நிலைமை மாறும் என்று நீங்கள் துணிந்து சொல்லலாம். கம்பளம், படுக்கைவிரிப்பு எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிடத் தேவையில்லை. ட்றம்ஸுக்குக் கீழே மட்டும் தடித்த கம்பளம் ஒன்றை விரியுங்கள், அது வழுக்கும் சீமெந்தில் ட்றம் முன்னுக்கு நகராமல் தடுப்பதற்கும் உதவும்.

நாற்சார் முற்றம் இதற்கு நேர்மாறானது. மேலே திறந்திருப்பதால் ஒலியில் பெரும் பங்கு வானத்துக்குப் போய்விடும்; ஆனால் சுற்றிவரவுள்ள விறாந்தையின் கூரையும் சுவரும் போதிய அளவைத் திருப்பித் தரும். கலைஞர்களை முற்றத்தின் நடுவில் விடாமல், விறாந்தையின் ஒரு பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கத்தக்கதாக இருத்துங்கள். கேட்பவர்கள் முற்றத்திலும் மற்றப் பக்கத்து விறாந்தைகளிலும் இருக்கலாம். மாசி தொடக்கம் சித்திரை வரை முற்றம் அருமையான இடம். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று பலமாக வீசும்போது கிற்றார்க்காரரின் தாள்கள் பறப்பது சிறிய பிரச்சினை. காற்று வாசிப்பின் மெல்லிய பகுதிகளை முழுமையாகக் கொண்டுபோய்விடுவதே பெரிய பிரச்சினை. ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை ஹோல்தான். தகரக்கூரை போட்ட விறாந்தையாக இருந்தால் மாரியில் அங்கே ஒன்றும் வைக்க முடியாது.

ஒலிபெருக்கி வேண்டாம் என்பது என்னுடைய உறுதியான கருத்து. முப்பது பேருக்கு முன்னால் சக்ஸபோனுக்கு ஒலிவாங்கி பிடிப்பது தேவையற்றது. சுவாசத்தோடு கலந்து வரும் மெல்லிய ஒலிகளையும், தூரிகை ட்றம் தோலில் உரசும் ஓசையையும் அருகில் இருந்து நேரே கேட்பதற்காகத்தான் ஒருவர் மண்டபத்துக்குப் போகாமல் வீட்டுக்கு வருகிறார். ட்றம்ஸ் கலைஞரிடம் கம்புகளோடு தூரிகைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வழமையான 22 அங்குல அடிமேளத்துக்குப் பதிலாக 18 அங்குலமுள்ளது கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கொழும்பிலிருந்து முழு ட்றம்ஸையும் ஏற்றி வருவது வீண் செலவு. பாடசாலை வாத்தியக் குழு ஒன்றிடமோ தேவாலயம் ஒன்றிடமோ இரவல் வாங்கிக்கொண்டு, கலைஞரைத் தன் தாளத் தட்டுகளையும் (சிம்பல்) ஸ்னெயர் எனப்படும் சிறிய ட்றம்மையும் அடிமேள மிதியையும் மட்டும் புகையிரதத்தில் கொண்டுவரச் செய்யலாம்; உலகெங்கும் அதுவே வழக்கம். கிற்றாருக்கு மட்டும் 15 அல்லது 20 வாற் சிறு ஒலிப்பெட்டி ஒன்று போதும். அதைத் தரையில் வைக்காமல் ஒரு கதிரையில் வைத்தால் வாசிப்பவருக்கே தன் ஒலி கேட்கும், அதனால் கூட்டவும் மாட்டார். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கிற்றார்க்காரர் மின்சாரம் வேண்டாத கிற்றார் ஒன்றையும் கொண்டுவந்தால் கச்சேரி தொடரும். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. இருட்டில் இருந்து இசை கேட்பது எங்களுக்குப் புதிதல்ல.

மூன்று பேர் வருகிறார்கள் என்பதற்காக மூவரும் எப்போதும் சேர்ந்தே வாசிக்க வேண்டும் என்றில்லை. டெரெக் பெய்லி 1976 முதல் நடத்திய கம்பனி என்ற தொடரில், முன்னர் ஒன்றாக வாசித்திராத கலைஞர்களை அழைத்து, அவர்களைத் தனியாகவும் இருவராகவும் மூவராகவும் மாற்றி மாற்றி வாசிக்கவைத்தார். மூன்று கலைஞர்களைக் கொண்டு மூன்று தனி வாசிப்புகள், மூன்று இருவர் வாசிப்புகள், ஒரு மூவர் வாசிப்பு என ஏழு சேர்க்கைகள் அமைக்கலாம். சக்ஸபோனும் ட்றம்ஸும் மட்டும் சேர்ந்து வாசிக்கும்போது நமது சபைக்கு நாதஸ்வரமும் தவிலும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அந்தச் சேர்க்கையை முதல் அரை மணிநேரத்துக்குள் வையுங்கள் என்பது என் ஆலோசனை. இவை தவிர இசைக்குள் நீங்கள் தலையிட வேண்டாம். வீட்டுக்காரர் விருப்பப் பாட்டுக் கேட்கத் தொடங்கினால் கச்சேரி கல்யாண வீடாகிவிடும்.

நாள் குறிப்பதில்தான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல்கள் இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் ஒருவரும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் ஒழுங்கைக்கு அருகில் உள்ள கோயில்களின் கொடியேற்றம் எப்போது என்று விசாரியுங்கள். கோயில் ஒலிபெருக்கி பூட்டிய பத்து நாள்களில் சக்ஸபோனின் மெல்லிய பகுதிக்கு இடமே இருக்காது. சாதாரண நாள்களில் மாலைப் பூசை மணி அடித்தால் பயமில்லை, நல்ல கலைஞராக இருந்தால் அந்த மணியின் சுரத்தையே எடுத்துக்கொண்டு மேலே போவார். உயர்தர, சாதாரணதரப் பரீட்சைக் காலங்களில் வைக்காதீர்கள். பிள்ளை படிக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து சொன்னால் அதற்கு மறுமொழி இல்லை. மே மாத நடுப்பகுதியும் நவம்பர் இறுதியும் பல வீடுகளில் இழந்தவர்களை நினைவுகூரும் நாள்கள், அவற்றையும் தவிருங்கள். ஒழுங்கையில் ஒரு மரண வீடு நிகழ்ந்துவிட்டால், கலைஞர்கள் புகையிரதத்தில் ஏறிவிட்டாலும் கச்சேரியைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். அல்லது வேறு ஊரில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டை மாற்றிடமாக முதலே பேசி வையுங்கள். இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் பின்வளவுக்காரருக்கும் ஒரு கிழமைக்கு முன்னரே நேரில் போய்ச் சொல்லி, அவர்களையும் அழையுங்கள். பலர் வரமாட்டார்கள், ஆனால் அழைக்கப்பட்டவர் முறைப்பாடு செய்வது அரிது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கி பாவித்தால் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு இடமளிக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதே மரியாதை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, குடும்பத்தினருக்கும் நெருங்கிய பழக்கமுள்ளவர்களுக்கும் அப்பாற்பட்டவர்கள் கூடியிருக்கும் இடத்தில் வாசிப்பது, அது வீடாக இருந்தாலும், பொது நிகழ்த்துகையாகக் கருதப்படக்கூடும். கலைஞர்கள் தங்கள் சொந்த ஆக்கங்களையோ அந்த இடத்தில் பிறப்பதையோ வாசித்தால் இதில் பிரச்சினை எழாது. பிறர் மெட்டுகளை வாசிப்பதானால் உரிமை பற்றி அவர்களிடமே கேட்டுத் தெளியுங்கள்.

பணத்துக்கு நுழைவுச்சீட்டு அடிக்க வேண்டாம். சீட்டு விற்றால் பிரதேச சபையின் களியாட்ட வரி பற்றி யோசிக்க வேண்டிவரும். அதற்கும் மேலாக, சீட்டு வாங்கியவர் வாடிக்கையாளராகிவிடுவார், விருந்தாளியாக இருக்கமாட்டார். வாசலில் ஒரு பெட்டியை வைத்து, ஒருவருக்கு இவ்வளவு தந்தால் நல்லது என்று ஒரு தொகையை அழைப்பிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். தொகை எழுதாமல் விரும்பியதைப் போடலாம் என்று விட்டால், நமது ஊரில் ஆட்கள் கூச்சத்தில் ஒன்றும் போடாமல் போவார்கள், அல்லது கோயில் தட்டுக்குப் போடுவதைப் போடுவார்கள். மாணவர்களிடம் வாங்க வேண்டாம். சேர்ந்த பணம் முழுவதும் கலைஞர்களுக்கே. தேநீர்ச் செலவைக்கூட அதிலிருந்து கழிக்காதீர்கள். ஆள் வராவிட்டாலும் கலைஞர்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை கிடைக்கும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். அந்தத் தொகையும், மூவரின் போக்குவரத்துச் செலவும் உங்கள் கையிலிருந்து போனாலும் தாங்கக்கூடிய அளவாக இருந்தால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். உறைக்குள் வைத்து இரகசியமாகக் கொடுக்காமல் மூவருக்கும் முன்னால் எண்ணிக் கொடுத்தால் பிற்பாடு கதை வராது.

அன்றைய பின்னேரம் ஆறு மணிக்கு ஆட்களை வரச்சொல்லி, ஆறரைக்குத் தொடங்குங்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை, நன்றியுரை ஆகிய ஐந்தையும் ஒருங்கே தவிர்த்துவிடுவது யாழ்ப்பாணத்தில் ஒரு புரட்சி என்பதை நான் அறிவேன், ஆனாலும் செய்யுங்கள். கலைஞர்களின் பெயரைச் சொல்லி, இடைவேளை எப்போது என்று கூறி, கைத்தொலைபேசிகளை நிறுத்தும்படி கேட்டுவிட்டு இருந்துவிடுங்கள். முதல் பகுதி 40 நிமிடங்கள், இடைவேளை 15 நிமிடங்கள், இரண்டாம் பகுதி மீண்டும் 40 நிமிடங்கள் என்பது போதும். முன்வரிசையில் பாய் விரித்து இளையவர்களையும் சிறுவர்களையும் இருத்தி, பின்னால் கதிரைகள் போடுங்கள். கலைஞருக்கும் முதல் பாய்க்கும் இடையில் இரண்டு மீற்றர் விட்டால் சக்ஸபோன் ஒருவர் காதுக்குள் நேரே போகாது. மின்விசிறியை வாசிப்பு நடக்கும்போது நிறுத்த வேண்டியிருக்கும், ஆகவே முன்னரே யன்னல்களைத் திறந்து அறையைக் குளிரவிடுங்கள். நுளம்புத்திரியைக் கலைஞர்களுக்குப் பக்கத்தில் கொளுத்தக்கூடாது; ஊதுபவர் அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுக்க வேண்டியிருக்கும். பின்னேரம் நாலு மணிக்கே கொளுத்தி, ஆட்கள் வரும்போது அணைத்துவிடுங்கள்.

கலைஞர்கள் வந்து இறங்கியதும் சோறும் கறியுமாக வயிறு முட்டச் சாப்பாடு போடுவது நமது பண்பு. ஊதுபவருக்கு அது பெரும் தொந்தரவு. வாசிப்பதற்கு முன் இடியப்பமும் சொதியும் போல இலேசாக ஏதாவது கொடுத்து, விருந்தைப் பிறகு வையுங்கள். இடைவேளைக்குத் தேநீரும் வடையும் போதும், கோப்பைகளை இரண்டாம் பகுதி தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு ஒடியற்கூழ் காய்ச்சினால், கேட்க வந்தவர்களும் வாசித்தவர்களும் ஒரே இடத்தில் கூடியிருந்து கதைப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. தவில் இரசிகர் ஒருவர் ட்றம்ஸ்காரரிடம் கணக்கு விசாரிக்கத் தொடங்குவது அப்போதுதான். மீன், நண்டு, இறால் எல்லாம் விழும் என்பதால் சைவக்காரர் யார் என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டு வீடியோக்காரர் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். அவருடைய வெளிச்சமும், முன்வரிசைக்கு முன்னால் அவர் நடந்து திரிவதும் முப்பது பேரின் கவனத்தையும் கெடுக்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் நேரலையில் காட்டச் சொல்வார்கள். முதல் சில தடவைகளுக்கு மறுத்துவிடுங்கள். கமெரா ஓடுகிறது என்று தெரிந்தால் கலைஞர் தனக்கு நிச்சயமாக வரக்கூடியதையே வாசிப்பார், துணிந்து ஒன்றைத் தேடிப் போகமாட்டார். ஒலியை மட்டும் சிறிய பதிவுக்கருவி ஒன்றில், கலைஞர்களின் சம்மதத்தோடு பதிவு செய்து, அதை அவர்களிடமே கொடுங்கள். வெளியிடுவதா இல்லையா என்பது அவர்களுடைய முடிவு.

கடைசியாக, தவில் கலைஞரைச் சேர்ப்பது பற்றி. ஹோலுக்குள் தவில் வேண்டவே வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வீதிக்காக அமைந்தவை, மூடிய அறையில் சக்ஸபோன் அவற்றுக்குப் பக்கத்தில் கேட்காது. கோடை காலத்தில் முற்றத்தில் வைக்கலாம். ஹோலுக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, வயலின் ஆகியவை பொருந்தும். ஆனால் முதல் கச்சேரியிலேயே இரண்டு மரபையும் கலக்க அவசரப்படாதீர்கள். ஒத்திகையில்லாமல் மேடையில் சந்திக்கும் கர்நாடக, ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ஒருவருக்கு மற்றவர் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்பதற்கு அது மிகவும் சலிப்பானது. மிருதங்கக் கலைஞரை முதல் இரண்டு தடவைகள் கேட்பவராக மட்டும் அழையுங்கள். அவர் தானாகச் சேர்ந்து வாசிக்க விரும்பினால், சுரக்கூட்டு அடிக்கடி மாறும் மெட்டுகளைத் தவிர்த்து, ட்றம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பிரபலமாக்கிய முறையில், ஒரே சுர வரிசையில் நீண்ட நேரம் நிற்கும் வாசிப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஜாஸ் கலைஞர்கள் டோரியன் என்று அழைக்கும் சுர வரிசையும் நமது கரகரப்பிரியாவும் ஒன்றே. சுருதியை எஃப் என்று, அதாவது நாலு கட்டை என்று வைத்துக்கொண்டால், பெண் குரல்களுக்கு வாசிக்கும் மிருதங்கத்தை அதற்குச் சேர்க்கலாம். ஆல்டோ சக்ஸபோனில் அதே சுருதியை எழுப்பும் விரல்நிலைக்குப் பெயர் டி, டெனர் சக்ஸபோனில் ஜி, இரண்டும் விரலுக்கு இலகுவானவை. இந்த விவரத்தைக் கொழும்பில் உள்ளவருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் இரண்டு கிழமைக்கு முன்னரே அறிவித்து, கச்சேரியன்று காலையில் ஒரு மணிநேரமாவது அவர்களை ஒரு அறையில் தனியாக விட்டுவிடுங்கள்.